பாழ்மாளிகையும் காணி உறுதியும்

நாட்டுப்புறத்திலே தனித்து நிற்கும் ஒரு பாழ்மாளிகை. நள்ளிரவில் அதன் மேன்மாடத்திற் காணப்படும் ஒற்றை விளக்கு. எவரும் திறக்கலாகாத ஓர் அறை. எல்லாம் அறிந்தும் வாய் திறவாத முதிய வேலைக்காரி. அங்கே வந்து சேரும் ஆதரவற்ற இளம்பெண். அவள் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டே அவளை அச்சுறுத்தவும் செய்யும் வீட்டுத் தலைவன். 'கோதிக்' என்று மேனாட்டார் பெயரிட்டு வழங்கும் காதல் மர்மக்கதையின் உறுப்புகள் இவை. 250 ஆண்டுகளுக்கு மேலாக இக்கதை உலகில் சொல்லப்பட்டு வருகிறது. தமிழிலும் அது நாவலாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலவியிருக்கிறது. மூடநம்பிக்கையை வளர்ப்பது என்று இதனைக் கண்டிப்போர் உளர்; வெறும் பொழுதுபோக்கு, அதற்கு விமர்சனம் எதற்கு என்று புறக்கணிப்போரும் உளர். இரு சாராருமே கதையைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புக் கூறுகின்றனர்.

இக்கதை ஒரு கேள்வியை ஓயாமல் எழுப்புகிறது: அந்த மாளிகையில் உலவும் பேய் யார்? அதன் பக்கத்திலேயே கிடக்கும் மற்றொரு கேள்வியைப் பெரும்பாலும் எழுப்பாமலே முடிந்துவிடுகிறது: அந்த மாளிகை யாருடையது? முதற் கேள்விக்கு வாசகன் மயிர்க்கூச்செறிய விடை தேடும் வேளையில், இரண்டாவது கேள்வி எவ்வாறு மறைக்கப்படுகிறது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு நமக்கொரு நிலைக்களன் வேண்டும். புத்தளம் மாவட்டத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக, கற்பிட்டியை நோக்கி வடக்கே நீண்டு செல்லும் மணற்பரப்பில் மாம்புரி என்றோர் ஊர் இருக்கிறது. தென்னையும் மீன்பிடியும் மணலில் கிணறு தோண்டி இறைத்துச் செய்யும் காய்கறிப் பயிரும் அப்பகுதியின் வாழ்க்கை. அங்கே குன்றின்மேற் கோட்டை இல்லை. ஜமீன் பங்களா இல்லை. அப்பகுதியின் பள்ளிக்கூடத்து மாணவன் ஒருவன் பாழ்மாளிகைக் கதையை வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அது அந்நிய நாட்டுக் கனவு போலத் தோன்றலாம். ஆனால் 'இந்த நிலம் யாருடையது, இந்த வீட்டுக்கு உறுதி எங்கே' என்னும் வினாக்கள் அவன் வீட்டு அடுப்படியிலேயே பேசப்படுபவை. ஆகவே அந்த மணலில் நின்று இக்கதைகளைப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் இவ்வகையின் பிறப்பை நோக்குவோம். 1764இல் இங்கிலாந்தில் ஹொரஸ் வால்போல் வெளியிட்ட 'ஒட்ராண்டோக் கோட்டை' என்னும் நாவலே கோதிக் கதைகளின் தாய் எனப்படுகிறது. வானத்திலிருந்து விழும் பிரமாண்டமான தலைக்கவசம், சட்டத்திலிருந்து இறங்கி நடக்கும் ஓவியம் முதலிய அற்புதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், அது ஒரு காணி வழக்கின் கதை என்பது புலனாகும். கோட்டையின் தலைவன் மான்பிரெட்டின் பாட்டன் தன் எசமானனை நஞ்சூட்டிக் கொன்று, பொய் மரணசாசனம் ஒன்றைக் காட்டி அக்கோட்டையைக் கைப்பற்றியவன். இறந்த எசமானனின் ஆவி தன் உரிமையைக் கேட்டே பேருருவாக வளர்கிறது. ஆக, கோதிக் கதையின் முதற் பேய் தன் உறுதியைத் தேடி வந்த பேய். ஆயினும் முடிவைக் கவனிக்க வேண்டும். உரிமை மீட்கும் தியடோர் கதை முழுவதும் குடியானவ இளைஞனாக நடமாடுகிறான்; இறுதியிலோ அவனும் பிரபு வமிசத்தவனே என்று வெளிப்படுகிறது. குடியானவனுக்குக் கோட்டை கிடைக்கவில்லை. குடியானவ வேடத்திலிருந்த பிரபுவுக்கே கிடைத்தது.

இக்கதை பிறந்த காலம் எது? இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாகிய காலம். 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் நிறைவேறின. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அவற்றால் அடைபட்டது. அவற்றுள் மிகப் பல 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிறைவேறியவை. மாடு மேய்த்த மேய்ச்சல் நிலத்தையும் விறகு பொறுக்கிய காட்டையும் ஏழைகள் இழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பழைய மாளிகைகளின் சொந்தக்காரர் குற்றவாளியாக இருக்கக்கூடும் என்ற ஐயம் கற்பனையில் உருவெடுத்தது தற்செயலென்று நாம் கருதவில்லை. அந்த ஐயத்துக்கு உருவம் கொடுத்த அதே கதை அதனை நெடுந்தொலைவிலுள்ள இத்தாலிக்கும் நெடுநாட்களுக்கு முந்திய காலத்துக்கும் நாடு கடத்தியும் விட்டது.

1794இல் ஆன் ராட்கிளிப் எழுதிய 'உடொல்போ மர்மங்கள்' இக்கலையை மேலும் செம்மையாக்கியது. மொண்டோனி என்பவன் மலைக்கோட்டையிலே பெண்களைச் சிறைவைப்பது அவர்களுடைய சொத்துக்களைத் தன் பெயருக்கு எழுதி வாங்குவதற்காக. கறுப்புத் திரைக்குப் பின்னால் நாயகி கண்டு மூர்ச்சித்த கோரக் காட்சி வெறும் மெழுகுப் பொம்மை என்று பின்னர் தெரியவருகிறது. பேய் பொய், கையெழுத்துக் கேட்டவன் மெய் என்பதை ராட்கிளிப் உணர்ந்திருந்தார். ஆனால் 1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் 'நோர்தாங்கர் மடம்' இதனை இன்னும் தெளிவாக்கியது. மர்மக்கதைகளை வாசித்து மயங்கிய பெண்ணொருத்தி, தான் விருந்தாளியாய்த் தங்கும் வீட்டுத் தலைவர் தம் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று ஐயுறுகிறாள். அவர் கொலை செய்யவில்லை. அவளுக்குச் சொத்தில்லை என்று அறிந்தவுடன் அவளைத் தனியே வண்டியேற்றி வெளியே தள்ளிவிடுகிறார். கொலைகாரனைத் தேடிய பெண் பணப்பேயைக் கண்டாள். மர்மக்கதை வாசிப்பு எங்கே பிழைக்கிறது, எங்கே சரியாய் மோப்பம் பிடிக்கிறது என்பதை இதைவிடச் சிறப்பாக உணர்த்திய நூல் அரிது.

1847இல் வந்த சார்லட் பிரான்டியின் 'ஜேன் அயர்' இன்னொரு படி. மேன்மாடத்து அறையிலிருந்து கேட்கும் பயங்கரச் சிரிப்பு, நாயகனின் முதல் மனைவி பெர்த்தாவினுடையது. அவள் ஜமேக்காத் தீவினள். அவளை மணந்ததால் நாயகனுக்குக் கிடைத்தது 30,000 பவுண். அடிமைகளின் உழைப்பில் செழித்த ஒரு குடியேற்ற நாட்டின் செல்வம் ஆங்கில நாட்டுப்புற மாளிகைக்குள் வந்து சேர, அச்செல்வத்தைக் கொண்டுவந்த பெண் பைத்தியமென்று பூட்டிவைக்கப்பட்டாள். அவள் மாளிகைக்குத் தீ வைத்து மாய்ந்த பின்னரே காதலர் இணைய முடிகிறது. பூட்டிய கதவுக்கு அப்பாலிருந்து இக்கதையைத் திரும்பச் சொல்ல மேற்கிந்தியத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் வரவேண்டியிருந்தது. அவருடைய 'அகன்ற சர்காசோக் கடல்' 1966இல் வெளிவந்தது. பேயென்று அஞ்சப்பட்டவளுக்கு ஊரும் பெயரும் வரலாறும் உண்டு என்று கூற 119 ஆண்டுகள் சென்றன.

இனித் தமிழுக்கு வருவோம். நாவலின் வரலாற்றைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்துக் காணும் முறையைக் க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலில் நமக்குக் காட்டினார். அந்நோக்கிற் பார்க்குமிடத்து, ஈழத்தின் தொடக்க நாவல்களே இழந்த பிறப்புரிமையைத் தேடும் கதைகளாயிருப்பது கருதத்தக்கது. 1885இல் சித்திலெவ்வை எழுதிய 'அசன்பேயுடைய சரித்திரம்' குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்ட எகிப்தியச் செல்வக் குடும்பத்து மைந்தனின் கதை. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை' காட்டிலும் அரண்மனையிலும் பிரிந்து வளர்ந்த இரட்டைச் சகோதரரைப் பற்றிய ஐரோப்பியப் பழங்கதையின் தமிழ் வடிவம். இரண்டிலும் இறுதியில் உயர்குலத்தான் உயர்குலத்தானென்று அறியப்படுகிறான். ஒட்ராண்டோவின் முடிவு இங்கும் தொடர்கிறது.

தமிழகத்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் பெருவாரியான வாசகரைத் திரட்டினர். இவர்கள் காலத்து மர்ம நாவலுக்கு ஊற்றாய் இருந்தவற்றுள் ஜி. டபிள்யு. எம். ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரின் கதைகள் முக்கியமானவை. இந்த ரெயினால்ட்ஸ் யார்? 1844 முதல் 'இலண்டன் மர்மங்கள்' எழுதி ஏழை வாசகரை ஈர்த்தவர். 1848 மார்ச்சில் இலண்டன் திரபால்கர் சதுக்கத்திலே கூடிய மக்கள் முன் மேடையேறிப் பேசியவர். உழைப்பாளர் வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தைச் சேர்ந்தவர். உழைப்பாளருக்கென வாரப் பத்திரிகை நடத்தியவர். பிரபுக்களின் அந்தரங்கத்தை அவர் தோலுரித்ததற்குப் பின்னால் ஓர் அரசியல் இருந்தது. தமிழுக்குக் கப்பலேறி வந்தபோது மாறுவேடம் வந்தது, நிலவறை வந்தது, மயக்க மருந்து வந்தது. சாசன இயக்கம் வந்து சேரவில்லை.

இவ்வெழுத்தாளர்களை இகழ்வது நம் நோக்கமன்று. வாசிப்புப் பழக்கத்தை வீட்டுப் பெண்கள் வரை கொண்டு சென்றதில் அவர்களுக்குப் பங்குண்டு. மடத்தின் பெயரால் நடந்த ஒழுக்கக்கேட்டை ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' துணிந்து தாக்கியது; 1936இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆயினும் போலிச் சாமியார் பிடிபட்டதும், பொய் உயில் கிழிந்ததும், சொத்து 'உரியவரிடம்' சேர்ந்ததும் கதை நிறைவெய்திவிடும். அந்த உரியவரின் சொத்து எவர் உழைப்பில் விளைந்தது என்று துப்பறிய எந்தத் துப்பறிவாளரும் அனுப்பப்படவில்லை. 1802இல் சென்னை மாகாணத்துக்கு வந்த நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தாரை நிலத்துக்குச் சொந்தக்காரராக்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. கதைகளிலோ ஜமீன் பங்களா ஒழியவில்லை. வரி வாங்கும் அதிகாரம் போனபின் அது பேய் வாழும் அழகிய இடமாகப் புத்துயிர் பெற்றது.

திரைப்படம் இதற்குச் சான்று. 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில் ஜமீன் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். தந்தையான ஜமீன்தார் அவளைச் சுட்டுக் கொல்கிறார். காதலர் மறுபிறவியிற் கூடுகின்றனர். அந்த ஒளியும் நிழலும் இன்றும் மனத்தில் நிற்பவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குற்றம் வர்க்கக் குற்றம், தீர்வோ மறுபிறவி. 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' கதையும், அதன் வழிவந்த 2005ஆம் ஆண்டின் 'சந்திரமுகி'யும் பேயை மனநோயாக விளக்கின. அறிவியல் நோக்கு என்று நாம் மகிழலாம். ஆயினும் நாட்டியமாடப் பிடித்துவரப்பட்டுப் பெரிய வீட்டிலே கொலையுண்ட பெண்ணின் முறைப்பாடு அங்கு என்னாயிற்று? அது இன்னொருத்தியின் நோயாக மாறி, வைத்தியத்தால் தீர்ந்துவிட்டது. நோயாளி குணமடைந்தாள், கொலையுண்டவளுக்கு நீதி கேட்பார் இல்லை, மாளிகை மட்டும் வெள்ளையடிக்கப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது.

நம் நாட்டார் கதைகளின் பேய்கள் இவ்வாறு எளிதில் அடங்குபவையல்ல. பழையனூர் நீலி கணவனாற் கொல்லப்பட்டவள். அவள் இருட்டில் மறைந்து நின்று பயமுறுத்தாமல், வேளாளர் சபையின் முன்னே வழக்காளியாக வந்து நிற்கிறாள். பிணை நின்ற எழுபதின்மர் தீப்புகுந்ததை அக்கதையைப் போற்றிய சாதியார் தம் வாய்மைக்குச் சான்றாகக் கொண்டனர் என்பது வேறு செய்தி. நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தது பஞ்சத்தினால். அருந்ததியர் குலப் பெண்களை மணந்த பிராமணன் முத்துப்பட்டனின் கதையை நா. வானமாமலை 1971இல் பதிப்பித்தார். காதலுக்காகச் சாதியை உதறி, மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கச் சென்று உயிரிழந்தவன் அவன். இக்கதைகளிலே காதலும் சாவும் அச்சமும் இருக்கின்றன; கூடவே பெயரும் ஊரும் அநீதியின் காரணமும் இருக்கின்றன. மக்கள் தம் இறந்தோரைப் படையலிட்டு நினைவில் வைத்தனர். மாளிகைக் கதையோ இறந்தோரை வெளியேற்றி வீட்டைச் சுத்தமாக்குகிறது.

இப்போது மாம்புரியின் கரைக்குத் திரும்புவோம். விசயன் வந்திறங்கிய தம்பபண்ணி புத்தளத்தை அண்டிய கரையிலே இருந்ததென்று ஒரு வழமை உண்டு. மகாவமிசத்தின் ஏழாம் அத்தியாயத்தை வரலாறாகக் கொள்ளாமல் கதையாகவே படித்தாலும் அது இத்தீவின் மிகப் பழைய கோதிக் காதற்கதை போலிருக்கும். மரத்தடியில் நூல் நூற்கும் குவேனி என்னும் இயக்கி வந்தேறிய இளவரசனுக்குத் துணைநின்று தன் இனத்தாரையே காட்டிக்கொடுக்கிறாள். நாடு கைக்கு வந்ததும் முடிசூட மதுரையிலிருந்து அரசகுலப் பெண் வரவேண்டியதாகிறது. குவேனி பெற்ற பிள்ளைகளை விட்டு அகலுமாறு பணிக்கப்படுகிறாள். அவளுக்குப் பலிப்படையல் தருவதாகவும் சொல்லப்படுகிறது. அவள் தன் இனத்தார் கையில் மடிய, பிள்ளைகள் காடேறுகின்றனர். நிலத்தை உடையவளை முதலில் இயக்கியாக்கி, பின்பு மனைவியாக்கி, இறுதியிலே படையல் ஏற்கும் ஆவியாக்கிய கதை இது. இதனை எந்த இனத்தின் பெருமைக்கும் சான்றாக நாம் காட்டவில்லை. சிங்கள அரங்கிலே ஹென்றி ஜயசேன 1963இல் 'குவேனி' நாடகத்தின் வழியாக அவளுக்கு வாய்ப்பேச்சை அளித்தார் என்பதை மட்டும் இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம்.

ஒட்ராண்டோவின் பொய் மரணசாசனத்தை நிகர்த்த பத்திரங்களும் இத்தீவில் எழுதப்பட்டன. 1840இல் ஆங்கில ஆட்சி இயற்றிய முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே சொந்தம் என்று கொண்டது. பரம்பரையாய் மாடு மேய்த்தவனும் சேனை வெட்டியவனும் காகிதம் காட்ட இயலாமல் தன் நிலத்திலேயே அத்துமீறியவனானான்.

இதனினும் அண்மையது 1990 ஒக்டோபர். வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணி நேரம். அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டம். கற்பிட்டிப் பகுதியின் மணலில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. வடக்கே நூற்றுக்கணக்கான தெருக்களில் கதவு திறந்த வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. கூரை போயிற்று, நிலை போயிற்று, சில வீடுகளிற் பிறர் குடியேறினர். பாழ்மாளிகை என்று கதாசிரியர் கற்பனை செய்வதை ஒரு சமுதாயம் முழுவதும் மெய்யாகக் கண்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவ்வீடுகளில் உலவ வேண்டிய உரிமையாளர் ஆவிகள் அல்லர். உயிரோடு முகாமிலே வாழ்ந்தவர்கள். தமிழில் எழுதும் நாம், தமிழின் பெயரால் நிகழ்ந்த இந்த அநீதியைப் பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டுப் பிறர் செய்த அநீதிகளை மட்டும் துப்பறிவோமாயின், நமது எழுத்தும் மேன்மாடத்துச் சாவியைத் தன் மடியில் ஒளித்துக்கொண்ட எழுத்தாகவே இருக்கும்.

மாம்புரியை அடுத்த நுரைச்சோலையிலே 2011இல் நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. 2014க்குள் அது 900 மெகாவாற்றாகப் பெருகியது. கரையோரத்தே காற்றாலைகளும் எழுந்துள்ளன. இரவில் அவற்றின் விளக்குகளைப் பார்க்கும் ஒருவர் அங்கிருந்து ஒரு மர்மக்கதையை எழுத விரும்பினால், ஜமீன் பங்களாவை இரவல் வாங்க வேண்டியதில்லை. யார் நிலம், யார் கையெழுத்து, யாருக்கு வெளிச்சம், யார் வாசலிற் சாம்பல் என்ற வினாக்களிலே போதிய மர்மம் இருக்கிறது.

'அப்படியாயின் கதை துண்டுப் பிரசுரமாகிவிடாதா? அச்சத்தின் இன்பமும் காதலின் இன்பமும் வாசகனுக்கு வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும். அச்சம் மனித உணர்வுகளில் ஒன்று. அதனை இலக்கியம் ஆள்வதில் இழுக்கில்லை. புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யிலே பேயைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்காமலே ஒரு நடுத்தர வர்க்கத்து வீட்டை நடுங்க வைத்தார். அவரே 'துன்பக்கேணி'யில், நெல்லைச் சீமையின் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட பெண்ணின் வாழ்வை எழுதினார். பின்னதிற் பேயே இல்லை. ஆனால் முன்னதை விடப் பயங்கரமானது எது என்று வாசித்தவர் அறிவர். மூலதனத்தை விளக்கப் புகுந்த மார்க்ஸும் 1867இல் இரத்தம் உறிஞ்சும் பேயின் உவமையை நாடினார். கற்பனையின் பேய்கள் உண்மையைச் சுட்டிக்காட்ட வல்லவை என்பதற்கு அதுவே போதும்.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது தடையன்று, வாசிப்பே. மாணவன் மேசைக்கடியில் மர்ம நாவலை ஒளித்துப் படித்தால் அதைப் பறிமுதல் செய்யாதிருங்கள். அவன் படித்து முடித்தபின் சில கேள்விகளைக் கேளுங்கள்: அந்த மாளிகையைக் கட்டிய கொத்தனுக்குக் கதையிற் பெயருண்டா? வேலைக்காரி ஏன் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவளுக்கு என்ன நேரும்? நாயகிக்குச் சொத்தில்லாவிடின் வில்லன் அவளைத் துரத்துவானா? பேய் நீங்கிய பின் வீடு யாருக்குப் போயிற்று? இக்கேள்விகளோடு படிக்கும் மாணவனுக்கு அந்நாவலின் சுவை குறையாது, கூடும். அவன் அடுத்து எடுத்துப் பார்க்கும் பழைய பத்திரம், தன் பாட்டனார் தகரப் பெட்டியிலே பத்திரப்படுத்தி வைத்த காணி உறுதியாகவும் இருக்கலாம்.